மலையும் துறைமுகமும்: தைலவர்ணத்தில் படிப்படியாக



சங்கத்தின் ஓவிய வகுப்பில் நாங்கள் தீட்டும் படங்கள் இரண்டு: நமுனுகுல மலைச்சரிவு ஒன்று, கொழும்புத் துறைமுகம் மற்றொன்று. 1924இல் பதுளைக்கு ரயில் வந்தது. அந்தப் பாதையில் எங்கள் தோட்டத்துத் தேயிலை துறைமுகத்துக்கு இறங்கியது. ஆகவே இரண்டும் ஒரே கதைதான்.

தைலவர்ணத்துக்கு அவசரம் ஆகாது. முதலில் டர்பன்டைன் கலந்த மெல்லிய மண்ணிறத்தால் வானம், மலை, நீர் ஆகிய பெரிய வடிவங்களைப் பிரிக்கிறோம். அது காய்ந்த பின் நிழலும் வெளிச்சமும். எண்ணெய் கூடிய தடித்த வர்ணம் அதற்கும் பிறகுதான். இந்த ஒழுங்கு மாறினால் மேற்படை வெடித்துவிடும். ஊவாவின் ஆடிக் காற்றில் படைகள் விரைவாகக் காயும். ஐப்பசி மழையில் பொறுத்திருக்க வேண்டும். வார்னிஷ் பூச ஆறு மாதமாவது செல்லும்.

இந்தப் படிகளில் முதலாவதே முக்கியம் என்கிறோம். கலண்டர் படங்களில் பச்சை மலை இருக்கும், லயன் இராது. கடைசியில் சேர்க்கும் கொழுந்துக்காரி வெறும் நிறப்பொட்டாகவே நிற்பாள். அதனால் லயன் கூரைகளுக்கும், கூடை சுமக்கும் முதுகுகளுக்கும், துறைமுகத்தில் பெட்டி தூக்குபவருக்கும் மண்ணிறப் படையிலேயே இடம் ஒதுக்குகிறோம். மலையின் நிழல் அவர்கள்மேலும் விழுகிறது. அவர்களும் அந்த மலைக்குரியவர்களாகிறார்கள்.

உங்கள் பிள்ளைகளும் பேத்திகளும் எந்த நாட்டில் தூரிகை எடுத்தாலும், முதற் படையிலேயே நம்மவரை வைக்கச் சொல்லுங்கள்.