ஓட்டைக் கேளுங்கள்!

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



பழைய பானை ஓட்டைப் பற்றிப் பேசும்படி நம்மை அழைத்திருக்கிறீர்கள். உடைந்த ஓட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். ஆனால் கீழடியில் 2015-ல் மண்வெட்டி போட்டது முதற்கொண்டு நம் நாட்டில் ஓட்டைப் பற்றிப் பேசாதவர்கள் அபூர்வம். ஒருவர் ஓட்டைக் கையில் எடுத்தவுடனே, உலகத்துக்கே நாகரிகம் கற்றுக் கொடுத்தவர்கள் நாம்தான் என்கிறார். மற்றொருவர் அதே ஓட்டைப் பார்த்து, நல்ல சாமான் என்றால் அது வெளியிலிருந்துதான் வந்திருக்கும் என்கிறார். இந்த இருவரையும் நாம் கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: ஐயா, தாங்கள் ஓட்டைக் கேட்டீர்களா?

ஓடு பேசுமா என்பீர்கள். பேசும். ஆனால் அதைக் கேட்க வேண்டிய முறையில் கேட்க வேண்டும்.

1800-ம் வருஷத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூல் அறிஞர், சூரிய வெளிச்சத்தைக் கண்ணாடிப் பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பம் அதிகமாக ஏறிற்று. அந்தக் கண்காணாக் கதிருக்குத்தான் இன்று அகச்சிவப்புக் கதிர் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாததை நம்பும்படி அவர் யாரையும் கேட்கவில்லை. வெப்பமானியை வைத்துப் பார் என்றார். இதுதான் விஞ்ஞானத்துக்கும் புராணத்துக்கும் உள்ள வித்தியாசம்.

இந்தக் கதிரை ஓட்டின்மேல் எப்படிப் பிரயோகிக்கிறார்கள்? ஓட்டில் சிறு துளியைப் பொடியாக்கி, பொட்டாசியம் புரோமைடு என்னும் உப்போடு கலந்து, அழுத்தி வில்லையாக்குகிறார்கள். அதன் வழியாகக் கதிரைச் செலுத்துகிறார்கள். மண்ணிலுள்ள ஒவ்வொரு தாதுவும் தனக்குரிய கதிரை மட்டும் விழுங்கிக் கொள்ளும். கயோலின் களிமண் பச்சையாக இருந்தால், ஒரு சென்டிமீட்டருக்குள் ஏறத்தாழ 3,620 அலைகளும் 3,697 அலைகளும் அடங்கும் கதிர்களை விழுங்கும். காரணம், அந்த மண்ணுக்குள் கட்டுண்டிருக்கும் நீரின் கூறு. சூளையில் சுமார் 500, 600 டிகிரி வெப்பம் ஏறினால் அந்தக் கட்டு அறுந்துபோகும். அந்த அடையாளமும் மறைந்துபோகும். இரும்புச் சத்தும் இப்படியே சாட்சி சொல்லும். காற்று தாராளமாகப் பட்டு வெந்தால் ஹேமடைட் ஆகிச் சிவக்கும். அதன் குறி 540-ஐ ஒட்டி வரும். காற்றை அடைத்துப் புகையில் வேகவைத்தால் மேக்னடைட் உண்டாகும். அதன் குறி 580-ஐ ஒட்டி வரும்.

இத்தோடும் விடுவதில்லை. அதே ஓட்டின் துண்டுகளை ஆய்வுக்கூடத்து உலையில் 500, 600, 700 என்று படிப்படியாகச் சூடேற்றி, ஒவ்வொரு முறையும் கதிரைக் காட்டிப் பார்க்கிறார்கள். எந்த வெப்பம் வரையில் குறிகள் மாறாமல் இருக்கின்றனவோ, அந்த வெப்பத்தை அந்த ஓடு முன்னமே பார்த்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் தோழர்களே, ஓர் ஓட்டை வைத்துக் கொண்டு ஊர்ச் சரித்திரத்தை எழுதிவிட முடியாது. ஐம்பது, நூறு ஓடுகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்து இருபது எண்கள் வரும். அத்தனையையும் கண்ணால் பார்த்துப் பிரித்தால், நமக்கு வேண்டியதைத்தான் நம் கண் பார்க்கும். ஆகவேதான் புள்ளிவிவரக் கணக்கு. பல எண்களைச் சில எண்களாகச் சுருக்கிக் காட்டும் வழியைக் கார்ல் பியர்சன் 1901-ல் வகுத்தார். ஒரு பொருள் ஒரு கூட்டத்துக்கு எவ்வளவு நெருக்கம், எவ்வளவு தூரம் என்று அளக்கும் முறையை, கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிஸ் 1936-ல் கொடுத்தார். மனிதரின் உடல் அளவுகளை ஒப்பிடப் பிறந்த அந்தக் கணக்கு இன்று பானைகளின் குடும்பத்தையும் பிரிக்கிறது. கணக்குக்கு ஜாதியும் தெரியாது, தேசமும் தெரியாது.

இதனால் என்ன லாபம் என்பதற்கு அரிக்கமேட்டைப் பாருங்கள். புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள அவ்விடத்தை 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். இத்தாலியிலிருந்து வந்த அரெட்டைன் கலங்கள் அங்கே கிடைத்தன, அது உண்மை. அவற்றோடு, உட்புறத்தில் பல் சக்கரம் உருட்டியதுபோலப் புள்ளி வட்டங்கள் போட்ட மெல்லிய தட்டுகளும் கிடைத்தன. ரூலெட்டட் என்று பேர் பெற்ற அந்த வேலைப்பாடும் மத்தியதரைக் கடல் பக்கத்துச் சொத்தே என்று அவர் கருதினார். பெரியவர் சொன்னதால் பலரும் அதையே சொன்னார்கள். 1983-ல் விமலா பெக்லி அதை மறுத்து எழுதினார். 1997-ல் கோக்டே, அகச்சிவப்புக்குச் சகோதர முறையான எக்ஸ்ரே முறையில் தாதுக்களை அளந்து, அந்த மண் வங்காளத்துச் சந்திரகேதுகர், தாம்லுக் பகுதியைச் சேர்ந்தது என்று முடிவு கூறினார்.

கவனித்தீர்களா? ரோமாபுரியின் பெருமையும் போயிற்று. எல்லாம் அரிக்கமேட்டு மண்தான் என்று நாம் கொட்ட நினைத்த மேளமும் நின்றது. அளவு என்பது அடுத்தவன் தலையில் மட்டும் விழும் தடியல்ல; நம் தலையிலும் விழும். அதற்குச் சம்மதமில்லாதவர் பகுத்தறிவைப் பற்றிப் பேசுவதில் பிரயோஜனமில்லை.

இக்கருவிக்கும் எல்லை உண்டு. சுட்ட வெப்பத்தைச் சொல்லும். சுட்ட வருஷத்தைச் சொல்லாது. மண்ணில் புதைந்து கிடக்கையில் ஈரமும் சுண்ணாம்பும் ஓட்டில் மீண்டும் ஏறி ஏமாற்றும். குயவர் மணலும் உமியும் கலந்திருப்பார். கணக்கு, ஓடுகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்குமே தவிர, ஊர்ப் பெயரை எழுதிக் கொடுக்காது. அந்தந்த ஊர்க் களிமண்ணையும் எடுத்து ஒப்பிட்டால்தான் ஊர் தெரியும்.

கடைசியாக ஒன்று. வெப்பமானி இல்லை, புத்தகம் இல்லை. தீயின் நிறத்தைப் பார்த்தே சூளையின் சூட்டை அறிந்து, காற்றை விட்டுச் சிவக்கவும், அடைத்துக் கறுக்கவும் செய்தவர் யார்? குயவர். சுலோகம் செய்தவனுக்குப் பேர் இருக்கிறது. நாடெல்லாம் சோறு வடித்துத் தின்ன பானை செய்தவருக்குப் பேர் இல்லை, கீழ்ஜாதி என்ற பட்டந்தான் உண்டு. அவருடைய அறிவுக்கு எழுத்தில் அத்தாட்சி இல்லை என்றார்கள். அத்தாட்சி ஓட்டுக்குள்ளேயே இருக்கிறது. கதிர் அதைப் படித்துக் காட்டுகிறது.

ஆகவே தோழர்களே, வயலில் ஓடு அகப்பட்டால் வீசி எறியாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போய் அலமாரியிலும் வைக்காதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டு, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். இடம் தெரியாத ஓடு, ஊர் தெரியாத சாட்சி. இனி எவராவது ஓட்டைக் காட்டிப் பெருமையோ சிறுமையோ பேசினால், எத்தனை ஓடு, எந்த முறை, எந்த மண்ணோடு ஒப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். சொல்பவர் நாமாக இருந்தாலும் கேளுங்கள்.