கார்ட்டர் வளர்ந்த பண்ணை



அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிளெயின்ஸ் என்று ஒரு சிற்றூர். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டர் பிறந்தது அங்கேதான். பதவி முடிந்ததும் அங்கேதான் திரும்பினார். 2024 டிசம்பரில், நூறு வயதில் காலமான பிறகு, தம் வீட்டு வளாகத்திலேயே மனைவி ரோசலினின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் படித்த பள்ளிக்கூடம், 1976 தேர்தலில் பிரசார அலுவலகமாக இருந்த பழைய ரயில் நிலையம், சிறுவயதில் வளர்ந்த பண்ணை ஆகியவை இன்று தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதிகள். பூங்கா என்றால் பூச்செடிகளைத் தேட வேண்டாம். ஓர் ஊரையும் அதன் வயல்களையும்தான் பார்க்கப் போகிறோம். ரயில் நிலையத்தைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். பண்ணைக்குத்தான் நேரம் வேண்டும்.

ஊருக்கு வெளியே ஆர்ச்சரி என்ற இடத்தில் இருக்கிறது அது. நான்கு வயதில் அங்கே குடிவந்தார் ஜிம்மி. 1938 வரை மின்சாரம் கிடையாது. அதற்கு முந்தைய கோலத்திலேயே வீட்டை வைத்திருக்கிறார்கள். குளிக்கும் இடத்தில், அடியில் துளை போட்ட வாளி ஒன்று தொங்குகிறது. அந்த வீட்டுக்கு அதுதான் ஷவர். சுற்றிலும் வேர்க்கடலையும் பருத்தியும் விளைந்த நிலம். சிறுவன் ஜிம்மி கடலையை அவித்து, பொட்டலம் கட்டி, பிளெயின்ஸ் தெருக்களில் விற்றிருக்கிறான்.

அந்த வளாகத்திலேயே இன்னொரு சிறிய வீடு இருக்கிறது. ஜாக் கிளார்க், ரேச்சல் கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதியின் வீடு. பண்ணையில் கூலி வேலை செய்தவர்கள். விடியுமுன் மணியடித்து எல்லோரையும் எழுப்பியவர் ஜாக். பெற்றோர் வெளியூர் போனால் ஜிம்மி படுத்துறங்கியது இவர்கள் வீட்டுத் தரையில்தான். மீன்பிடிக்க அழைத்துப்போனவர் ரேச்சல். ஒரு தலைவரின் நினைவிடத்தில் கூலிக்காரர்களின் வீட்டையும் பெயர் சொல்லிக் காப்பதுதான் இந்தப் பூங்காவில் எனக்கு மிக உயர்வாகப் படுகிறது.

அந்த அன்புக்கும் ஓர் எல்லை இருந்தது. 1938 ஜூனில் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ், ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங்குடன் மோதினார். லூயிஸ் கறுப்பினத்தவர். வானொலியில் வர்ணனை கேட்க அக்கம்பக்கத்துக் கறுப்பின மக்கள் கார்ட்டர் வீட்டுக்கு வந்தார்கள். வெள்ளையர் வீட்டுக்குள் அவர்கள் உட்காரும் வழக்கம் இல்லை. ஜிம்மியின் அப்பா ஏர்ல், வானொலியை ஜன்னலில் எடுத்துவைத்தார். அவர்கள் முற்றத்தில் இருந்து கேட்டார்கள். முதல் சுற்றிலேயே லூயிஸ் வென்றார். ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. நன்றி சொல்லிவிட்டு, தண்டவாளத்தைக் கடந்து, எதிர்ப்புறத்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் ஆரவாரம் வெடித்தது. இதை கார்ட்டரே எழுதிவைத்திருக்கிறார்.

அம்மா லில்லியன் வேறு விதம். நர்ஸான அவர், கறுப்பின அண்டை வீட்டாருக்கும் வைத்தியம் பார்த்தவர். பின்னாளில் 68 வயதில், அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பின் தொண்டராக மும்பையின் விக்ரோலிக்கு வந்து பணிசெய்தார்.

1971-இல் ஜார்ஜியாவின் ஆளுநராகப் பதவியேற்ற அன்று, இனப் பாகுபாட்டின் காலம் முடிந்துவிட்டது என்று கார்ட்டர் அறிவித்தார். பலர் திடுக்கிட்டார்கள். அந்தப் பேச்சின் வேரைத் தேடுகிறவர்கள் பள்ளிக்கூட அருங்காட்சியகத்துக்குப் பிறகு போகலாம். முதலில் அந்த ஜன்னலையும், தண்டவாளத்தையும், கிளார்க் தம்பதியின் வீட்டையும் பாருங்கள்.