அடுத்த ரூபாயில் எவ்வளவு மிஞ்சும்?



1973-74-ல் நம் நாட்டில் ஆண்டுக்கு 2 லட்ச ரூபாய்க்கு மேல் சம்பாதித்தவர், அதற்கு மேல் வந்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 97 ரூபாய் 75 காசு வரி கட்ட வேண்டியிருந்தது. வரி 85 சதவீதம். அந்த வரியின் மேல் 15 சதவீத சர்சார்ஜ். இருப்பவர் கூடுதலாகத் தரட்டும் என்பதே நோக்கம். அந்த நோக்கத்தை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் நடந்தது என்ன? கணக்கில் காட்டினால் கையில் நிற்பது இரண்டேகால் ரூபாய், மறைத்தால் முழு நூறு. இரண்டு கணக்குப் புத்தகம் வைக்க முடிந்தவர் தப்பித்தார். சம்பளத்திலேயே வரி பிடிக்கப்பட்டவர் மாட்டிக்கொண்டார். உச்ச விகிதத்தை 1976-ல் சி. சுப்பிரமணியம் 66 சதவீதமாகவும், 1997-ல் ப. சிதம்பரம் 30 சதவீதமாகவும் குறைத்தார்கள்.

அதற்காக, வரியைக் குறைக்கக் குறைக்க எல்லோரும் ஓடியோடி உழைப்பார்கள் என்பதையும் நான் நம்பவில்லை. வீட்டுக்கடன் தவணை கட்டுபவர் 20 சதவீதத்திலும் உழைப்பார், 30 சதவீதத்திலும் உழைப்பார். வரி திடீரென எகிறும் இடத்தில்தான் மனம் தளர்கிறது.

அப்படி ஓர் இடம் இன்றும் இருக்கிறது. 2025-26-ன் புதிய வரி முறையில், ஒருவரின் ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சம் என்றால், 75,000 நிலையான கழிவு போக, வரி பூஜ்யம். அவருக்கு 50,000 ரூபாய் ஊதிய உயர்வு கிடைக்கிறது என்று வையுங்கள். வரியைப் பூஜ்யமாக்கிய தள்ளுபடி போய்விடும்: வரி 50,000, செஸ் தனி. மார்ஜினல் ரிலீஃப் என்ற சலுகை இருப்பதால்தான் இதோடு நிற்கிறது, இல்லையென்றால் 67,500 கட்ட வேண்டும். வருமானம் இன்னும் இருபதாயிரம் ஏறும்வரை, ஓவர்டைம் பார்த்துச் சம்பாதிக்கும் ஒரு ரூபாய்கூட அவர் வீட்டுக்குப் போகாது. பட்டம் பெறும் மாணவர்களே, உங்களில் சிலர் சில ஆண்டுகளில் இந்தப் படியில் நிற்பீர்கள். இந்தச் செங்குத்தைச் சரிவாக்குவது எப்படி என்று யோசியுங்கள்.

இன்னொன்று. "வரி கட்டுவது நாங்கள் சிலபேர்தான்" என்ற பேச்சு அலுவலகங்களில் உங்கள் காதில் விழும். அதை ஏற்காதீர்கள். இந்த அரங்கில் நாற்காலி போட்டவர் வாங்கும் பிஸ்கட்டிலும் ஜிஎஸ்டி இருக்கிறது. ஆலை முதலாளி கட்டும் அதே விகிதம்தான். வருமானத்தில் பெரும்பகுதியைக் கடையில் செலவழித்தே தீரவேண்டிய அவருக்கு, அந்த விகிதம் இன்னும் கனமாக விழுகிறது.