பல்லாவரத்துச் சரளைக் குழி

(ஐயங்கார்குளத்தில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



ஐயங்கார்குளத்து மக்களுக்குக் கல்லின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. படியிறங்கி நிலத்தடிக்குச் சென்றால் தூண் நிறைந்த மண்டபமே எதிர்நிற்கும் நடவாவிக் கிணற்றை உடையவர் நீங்கள். சித்திரை முழுநிலா நாளில் காஞ்சி வரதர் இங்கு வரும்போது, ஆண்டு முழுதும் நீரில் மூழ்கிக் கிடந்த அத்தூண்களைக் கண்டு வியவாதார் இலர். ஆனால், தூணாகவும் சிலையாகவும் ஆகாத கல்லொன்று, செதுக்கியவன் ஊரும் பேரும் அறியப்படாத கல்லொன்று, இதே பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் கிடந்தது. அதனைக் குனிந்தெடுத்தவர் வாழ்க்கையே இவ்வுரைக்குப் பொருள்.

இராபர்ட்டு புரூசு ஃபூட் என்பது அவர் பெயர். 1834 செப்தம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தின் செல்தனாம் நகரிற் பிறந்தவர். 1858 திசம்பர் 29ஆம் நாள் இந்திய நிலவியல் அளவைத் துறையிற் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். அத்துறை அறிவு வளர்ச்சிக்காக மட்டும் அமைந்தது என்று எண்ணற்க. நிலக்கரி எங்குண்டு, இரும்பெங்கே, பொன்னெங்கே என்று ஆங்கிலவரசு அறிய விரும்பியது; அதற்கே நிலவியலார் ஊரூராக அனுப்பப்பெற்றனர். சேலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளின் பாறை அமைப்பை வில்லியம் கிங் என்பாரோடு சேர்ந்து ஃபூட் ஆராய்ந்தார். பின்னாளில் தார்வார்ப் பாறைத் தொகுதியை வகுத்துக் காட்டி, தென்னாட்டுப் பொன் பெரும்பாலும் அத்தொகுதியில்தான் உள்ளதென நிறுவினார். 1891இல் ஓய்வுபெற்ற பின்னும் பரோடா, மைசூர் அரசுகள் அவரை அழைத்துப் பணி கொண்டன. இவையெல்லாம் சம்பளத்துக்குச் செய்த வேலை. எவரும் ஏவாமல், எவரும் ஊதியம் தராமல், அவர் தாமே மேற்கொண்ட தொண்டு வேறொன்று.

1863 மே 30ஆம் நாள். அக்கினி வெயில் கொளுத்தும் காலம். பல்லாவரத்துப் படைத்திடலில் சரளை தோண்டிய சிறு குழியருகே ஃபூட் நின்றார். குழியிலிருந்து வெளியே எறிந்து கிடந்த கழிவுக் கற்களிடையே ஒரு கல் அவர் கண்ணை ஈர்த்தது. ஆற்று நீர் உருட்டிய கல்லாயின் எப்பக்கமும் மழுங்கியிருக்கும். வெயிலால் வெடித்த கல்லாயின் ஒழுங்கின்றிச் சிதைந்திருக்கும். இதுவோ இரு முகமும் சில்லுச் சில்லாகப் பெயர்க்கப்பட்டு, ஓரம் கூராகி, கைக்குள் அடங்குமாறு அமைந்திருந்தது. பிரான்சு நாட்டிற் பூசே தெ பெர்த்து என்பார் இத்தகைய கற்களைத் திரட்டி, இவை மாந்தர் கைவினை என்று பல்லாண்டு வாதிட்டும் நகைப்புக்கே ஆளானார். 1859இல்தான் ஆங்கில அறிஞர் நேரிற் சென்று கண்டு ஒப்பினர். அச்செய்தி நான்கே ஆண்டுப் பழமையுடையது. அதனை அறிந்த கண், பல்லாவரத்துக் குப்பையில் ஒரு கைக்கோடரியை அடையாளம் கண்டுகொண்டது. அன்று அவர்க்கு அகவை இருபத்தெட்டு. இந்தியப் பழங்கற்கால ஆய்வு அந்நாளில் தொடங்கிற்று.

ஒரு கல்லோடு அவர் அமையவில்லை. அவ்வாண்டு செப்தம்பர் 28ஆம் நாள் ஃபூட்டும் கிங்கும் கொற்றலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டனர். அங்கே கருவிகள் குவியலாகவே கிடைத்தன. அதன்பின் அடுத்த ஐம்பதாண்டு, பாறை பார்க்கச் சென்றவிடமெல்லாம் கீழே கிடந்த கல்லையும் பார்த்தார். கருநூல் மாவட்டக் குகைகளை அகழ்ந்தார். தூத்துக்குடிப் பக்கத்துச் சாயர்புரத்துத் தேரி மணலிற் சிறுகருவிகளைப் பொறுக்கினார். கிடைத்த இடம், படிவு, கல்லின் வகை ஆகிய மூன்றையும் குறித்து வைத்தார். இடக்குறிப்பில்லாத கல் வெறுங்கல்லே. குறிப்போடிருந்தால் அது சான்று. அவர் திரட்டிய பெருந்தொகுப்பு 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. கடல்கடந்து இலண்டனுக்குப் போயிருந்தால், இன்று நம் பிள்ளைகள் படத்திற் பார்ப்பதோடு அமைய வேண்டியதுதான்.

தமிழ்க்குடும்பத் தொடர்பு ஒன்றும் அவர்க்குண்டு. அவர்தம் மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் துணைகொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர். 'தினவர்த்தமானி' இதழை 1855இல் சென்னையில் தொடங்கியவர். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சேற்றியவர். மாமனார் மக்கள் வாயிற் சிதறிக் கிடந்த பழமொழியைப் பொறுக்கினார். மருமகனார் மண்ணிற் சிதறிக் கிடந்த பழங்கல்லைப் பொறுக்கினார். நம் புலவரோ, அந்நாளில் இரண்டையும் தாழ்வென்று கருதி ஏட்டுச் சுவடியிலேயே முகம் புதைத்திருந்தனர். சுவடி காத்த பெருமை பெரிதே; ஆயினும் இக்குறையை மறைப்பதாற் பயனில்லை.

இனி, சொற்கள் பற்றி ஒரு சிறுகுறிப்பு. பல்லாவரத்துக் கருவி கிடந்த செம்புரைப் படிவை ஆங்கிலர் 'லேட்டரைட்டு' என்பர். 1807இல் அப்பெயரிட்ட புக்கானன் என்பார், மலையாளக் கரையில் மக்கள் அதனைச் செங்கற்கல் என்னும் பொருள்பட வழங்கக் கேட்டு, அப்பொருளையே இலத்தீனில் அமைத்துக்கொண்டார். நம்மவர் சொல்லின் மொழிபெயர்ப்பே உலக அறிவியற் சொல்லாயிற்று! இதற்கு மாறாக, பல்லாவரத்தின் கருநீல வன்கல்லுக்குக் கிட்டிய பெயர் 'சார்னாக்கைட்டு'. கொல்கத்தாவிலுள்ள யோபு சார்னாக்கு என்னும் வணிகரின் கல்லறைப் பலகை அக்கல்லால் ஆனதென்று கண்டு, தாமசு ஆலந்து என்பார் அவ்வாறு பெயரிட்டார். கல் நம்முடையது, பெயர் அதன்கீழ்ப் படுத்திருப்பவருடையது.

இங்கே தமிழன்பர் அனைவரும் கூர்ந்து நோக்கவேண்டியது ஒன்றுண்டு. அத்திரம்பாக்கத்தை அண்மையில் மீண்டும் அகழ்ந்த சாந்தி பப்பு, குமார் அகிலேசு ஆகிய அறிஞர், அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ பதினைந்து இலக்கம் ஆண்டுப் பழமையுடையன என்று 2011இல் வெளியிட்டனர். இதனைக் கேட்டதும், "பதினைந்து இலக்கம் ஆண்டுக்கு முன்பே தமிழன் வாழ்ந்தான்" என்று மேடையில் முழங்குவார் உளர். அது பிழை. அக்கருவி செய்தோர் காலத்தில் நம்மையொத்த மாந்த இனமே தோன்றவில்லை. அவர்கள் என்ன மொழி பேசினர், மொழி பேசினரா என்பதற்கும் கல்லிற் சான்றில்லை. தமிழின் தொன்மைக்குக் கல்வெட்டும் கழக நூலும் சொல்லமைப்பும் சான்றாக நிற்கின்றன. அவை போதாவென்று பொய்ச்சான்று தேடுவோன், மெய்ச்சான்றையும் பிறர் ஐயுறச் செய்கிறான். ஃபூட்டும் பிழைபட்டவரே. பழங்கற்காலத்துக்கும் புதுக்கற்காலத்துக்கும் இடையே மக்களற்ற நீண்ட வெற்றிடம் இருந்ததென அவர் கருதினார். பின்வந்த ஆய்வு அதனைத் தள்ளிவிட்டது. ஆனால் அவர் குறித்து வைத்த இடங்கள் இன்றும் நிற்கின்றன. பிழையைத் திருத்துவதற்கே அக்குறிப்புகள்தாம் உதவின.

இவையெல்லாம் தொலைவூர்ச் செய்தி என்று எண்ணவேண்டா. இதே காஞ்சிபுர மாவட்டத்தில், ஒரகடத்தையடுத்த வடக்குப்பட்டில் 2022இல் நடுவண் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்கருவிகள் வெளிப்பட்டன. பள்ளம் நிரப்பவும் சாலை போடவும் நாள்தோறும் சுமையுந்துகளில் ஏறிப் போவது அத்தகைய செம்மண்ணும் சரளையுமே. அத்திரம்பாக்கம் வேலியிட்டுக் காக்கப்படும். பெயரறியாத மேடுகளுக்கு வேலி ஏது? வண்டியிற் போன சரளை எந்த மேட்டினது என்று பிறகு எவராலும் சொல்லவியலாது. ஒரு கைக்கோடரி அதில் இருந்தாலும் அது தார்ச்சாலையின் அடியில் வெறுங்கல்தான்.

ஃபூட் இறுதிக்காலத்தை ஏர்க்காட்டில் கழித்தார். அம்மலையூர்களில், வழவழப்பாகத் தீட்டிய புதுக்கற்காலக் கோடரிகளைப் பிள்ளையார் முன் வைத்து வணங்கும் வழக்கம் உண்டு. 1912 திசம்பர் 29ஆம் நாள், பணியிற் சேர்ந்து சரியாக ஐம்பத்து நான்கு ஆண்டு நிறைந்த அன்று, கொல்கத்தாவில் மறைந்தார். அவர் உடலின் சாம்பல் ஏர்க்காட்டுத் திருச்சபைத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அவருடைய தொகுப்பின் விளக்கப் பட்டியல் 1914இல் அச்சாகி வந்தபோது அதனைக் காண அவர் இல்லை.

இவ்வூர் மாணவர் சென்னைக்குச் செல்லும்போது எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போவதுண்டு. செப்புத் திருமேனிகளைக் கண்டு திரும்பிவிடாமல், அடுத்தமுறை கற்கருவிகள் உள்ள பேழைகளின்முன்னும் சற்று நின்று, அவற்றினடியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர்களைப் படித்து வருக.