எரிந்தும் எழுந்த மரமாளிகை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் காப்பியச் சுவையோ கவிதை நயமோ பேசுதல் நம் மரபு. இன்று நாம் ஒரு வீட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அது தமிழகத்து வீடன்று. பாரத நாட்டு வீடுமன்று. ஜெர்மனி நாட்டில், ஹனோவர் நகருக்குத் தென்கிழக்கே அமைந்த ஹில்டெஸ்ஹைம் என்னும் பழம்பெரும் நகரின் சந்தைச் சதுக்கத்தில் நிற்கும் மரவீடு. ஒரு நகரத்தின் பெருமையும் பிழையும் துயரும் அந்த ஒரு வீட்டின் வரலாற்றில் அடங்கியிருக்கின்றன. ஆதலின் அதனை நும்முன் வைக்கிறோம்.

அவ்வீட்டைக் கட்டியவர் மன்னர் அல்லர்; மதகுருமாரும் அல்லர்; இறைச்சி வணிகர். அந்நாளில் ஐரோப்பிய நகரங்களில் ஒவ்வொரு தொழிலாரும் தமக்கெனச் சங்கம் அமைத்து, விலையையும் தரத்தையும் வரையறுத்து வாழ்ந்தனர். ஹில்டெஸ்ஹைம் இறைச்சி வணிகரின் சங்கத்துக்கு 'க்னோக்கன்ஹவர்' என்று பெயர். 'எலும்பு வெட்டுவோர்' என்பது அச்சொல்லின் பொருள். 1519 முதல் 1523 வரை அப்பகுதியை ஒரு போர் அலைக்கழித்தது. அது முடிந்த ஆறாம் ஆண்டில், 1529இல், இவர்கள் தம் சங்க மாளிகையை எழுப்பினர். ஏறத்தாழ 26 மீட்டர் உயரம். கூரைக்குள் அடங்கிய தளங்களையும் சேர்த்து எட்டு அடுக்கு. உலகின் மரச்சட்ட வீடுகளுள் இதுவே பேரழகு வாய்ந்தது என்று பலரும் புகழ்ந்தனர்.

மரச்சட்ட வீடு என்பது யாது? நம் ஊரில் சுவர் எழுப்பி அதன்மேல் கூரையை ஏற்றுகிறோம். பாரத்தைத் தாங்குவது சுவர். ஜெர்மானியர் 'ஃபாக்வெர்க்' எனும் இம்முறையில், முதலில் ஓக் மரத்தால் எலும்புக்கூடு போன்றதொரு சட்டத்தை நிறுத்துவர். அடியில் கிடைமரம்; அதன்மேல் நிலைத்தூண்கள்; தூண்களை இணைக்கும் குறுக்குமரங்கள்; காற்றுக்குச் சட்டம் சாயாதபடி மூலைக்கு மூலை சாய்மரங்கள். ஒரு மரத்தின் முனையை நாக்குப்போல் செதுக்கி, மற்றொன்றில் துளையிட்டுச் செருகி, மர ஆணியால் இறுக்குவர். எந்த மரம் எதனோடு சேர வேண்டும் என்பதற்கு ஒவ்வொன்றிலும் தச்சர் அடையாளம் வெட்டியிருப்பர். இடையே எஞ்சும் கட்டங்களில் குச்சிகளைப் பின்னி, களிமண்ணையும் வைக்கோலையும் குழைத்துப் பூசுவர். சில இடங்களில் செங்கல் அடைப்பர். சுவர் அங்கே வெறும் ஆடையே. உடலைத் தாங்குவது மரம்.

வடநாட்டில் வாழும் நமக்கு இம்முறை முற்றும் புதிதன்று. சிம்லாவுக்குச் சென்ற அன்பர்கள் இதன் சாயலை அங்குள்ள பழைய கட்டடங்களில் கண்டிருப்பர். காஷ்மீரத்தில் 'தஜ்ஜி திவாரி' என வழங்கும் சுவரும் மரச்சட்டத்தின் கட்டங்களில் கல்லும் மண்ணும் அடைத்ததே. 2005ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இவ்வகை வீடுகள் பல, குலுங்கினும் குலையாது நின்று, பொறியியலாரின் கருத்தைக் கவர்ந்தன.

ஹில்டெஸ்ஹைம் மாளிகையைத் தெருவில் நின்று அண்ணாந்து நோக்குவோர் கண்ணில் முதலில் படுவது அதன் மேல்தளங்களின் முன்நீட்சி. ஒவ்வொரு தளமும் தன் கீழ்த்தளத்தைத் தாண்டிச் சிறிது முன்னே வந்து நிற்கிறது. குறுகிய மனையில் மேலே இடம் பெருகுகிறது. மேல்தளம் கீழ்த்தளத்துச் சுவருக்குக் குடையாகி மழைநீரைத் தடுக்கிறது. நீண்டு வரும் உத்தர முனைகளைத் தாங்க, நம் கோயில் தூண்களின் போதிகை போன்ற செதுக்குக் கட்டைகள் உள்ளன. அவற்றிலும் உத்தரங்களிலும் உருவங்களும் கொடிகளும் வண்ணம் தீட்டி அமைந்திருக்கின்றன. வடிவம் பழைய கோதிக் மரபு; அணியோ இத்தாலியிலிருந்து வந்த மறுமலர்ச்சிக் கலை. தரைத்தளத்தில் இறைச்சிக் கடைகள். மேலே சங்கத்தார் கூடும் மண்டபம். வயிற்றுக்கும் கண்ணுக்கும் ஒரே கூரையில் விருந்து வைத்தனர் எனலாம்!

1884இல் தீப்பிடித்து மேற்பகுதி சிதைந்தது, நகரத்தார் செப்பனிட்டனர். அடுத்த தீயோ செப்பனிட ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. 1945 மார்ச் 22ஆம் நாள் நேச நாட்டு விமானங்கள் நகரின்மேல் குண்டு பொழிந்தன. நெருங்கி நின்ற மரவீடுகள் ஒன்றன் தீயை ஒன்று வாங்கிக்கொண்டன. 416 ஆண்டுகள் நின்ற மாளிகை சாம்பலாயிற்று. அதன்பின் 47ஆம் நாளில் ஐரோப்பாவில் போர் ஓய்ந்தது. இன்னும் ஏழு வாரம் பொறுத்திருந்தால்! இதனை எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கிறது.

இடிபாடு அகன்றபின் நகரத்தாரிடையே பெருவிவாதம் எழுந்தது. பழையதை மீண்டும் கட்டுவதா? புதுமைக்கு வழிவிடுவதா? வீடற்றோர் பெருகிய அந்நாளில் அழகு மாளிகைக்குப் பொருள் ஏது? புதுமையே வென்றது. 1960களில் அவ்விடத்தில் தற்காலப் பாணி ஓட்டல் ஒன்று எழுந்தது. ஆயினும் நகரத்தார் நெஞ்சினின்று பழைய வீடு அகலவில்லை. 1980களில் அவ்வோட்டலை இடித்தனர். பழைய வரைபடங்களையும் நிழற்படங்களையும் துணைக்கொண்டு, 1987 முதல் 1989 வரை, அதே இடத்தில், ஓக் மரத்தாலேயே, முன்னோர் முறையிலேயே மாளிகையை எழுப்பினர். இன்று அதன் மேல்தளங்களில் நகர அருங்காட்சியகம் இயங்குகிறது.

இனி நாம் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. 1989இல் எழுந்தது 1529இன் வீடுதானா? மரம் புதிது; தச்சர் புதியவர். வெறும் நகல் என்று இகழ்வாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. மரம் எரியும், மரத்தைப் பொருத்தும் அறிவு கற்றோர் கையில் வாழும். அக்கை இருக்கும்வரை வீடு முற்றும் அழிந்ததாகாது. நாக்கும் துளையும் மர ஆணியும் அறிந்த தச்சர் ஒருவரும் எஞ்சியிராவிடில், எத்தனை கோடி கொட்டினும் அம்மாளிகை எழுந்திராது.

ஆயினும் இங்கேயே உரையை முடித்தால் பாதி உண்மையே உரைத்தவராவோம். அந்நகரில் தீ முதன்முதல் 1945இல் விமானத்திலிருந்து விழவில்லை. 1938 நவம்பரில், லாப்பன்பெர்க் என்னும் பகுதியில் இருந்த யூதர் வழிபாட்டு இல்லத்தை, பகைவர் எவருமன்று, நாஜி ஆட்சியின் ஆட்களே எரித்தனர். அண்டை அயலில் வாழ்ந்த யூத மக்கள் பின்னர் நாடு கடத்தப்பட்டு மடிந்தனர். அவ்விடத்தில் 1988இல் ஒரு நினைவுச்சின்னம் நிறுவினர். அடுத்த ஆண்டே இறைச்சி வணிகர் மாளிகை முழுமை பெற்றது. ஒருபுறம் வீடு திரும்பி வந்தது. மறுபுறம் நினைவுக்கல் மட்டுமே நின்றது. கைத்திறன் வீட்டை மீட்கும். மாண்ட மனிதரை எத்திறனும் மீட்காது. அவ்வழகிய முகப்பைக் கண்டு வியப்போர் லாப்பன்பெர்க்கிற்கும் சென்று ஒருகணம் தலைதாழ்த்தி நிற்றல் வேண்டும். இரண்டையும் கண்டவரே அந்நகரைக் கண்டவர்.

அன்பர்களே! பிறந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்த நாமும் இங்கு ஒரு மாளிகை எழுப்பியுள்ளோம். இம்மண்ணின் மரத்தால், நம் முன்னோர் முறையில் எழுப்பிய அதற்குச் சங்கம் என்று பெயர். அதன் நிலைத்தூண்கள் நம் மொழியறிவு. சாய்மரங்கள் அண்டை அயலாரோடு நாம் கொண்ட நேயம். நிலைத்தூணைப் போற்றிச் சாய்மரத்தை மறந்தால் எச்சட்டமும் நில்லாது. இவ்விரண்டையும் நம் மக்கள் கையில் ஒப்படைப்போமாக.