சுராங்கனியும் சதுரங்கப்பட்டினமும்

(கல்பாக்கத்தில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா நெருங்கினால் நம் பள்ளிகளில் ஒரு வழக்கு கட்டாயம் வரும். பிள்ளைகள் ஆட்டப் பாட்டு ஒன்றைக் கொண்டுவருவார்கள். "இதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பாட்டா?" என்று நாம் கேட்போம். எங்கள் பள்ளியில் அப்படி அடிக்கடி வந்து நிற்கும் பாட்டு சுராங்கனி. மேடையில் ஏற்றலாமா கூடாதா என்பதை விழாக் குழு முடிவு செய்யட்டும். சமூக அறிவியல் நடத்துகிற எனக்கு, அந்தப் பாட்டு எட்டாம் வகுப்பின் 'ஐரோப்பியர்களின் வருகை' பாடத்துக்குள் வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பாட்டில் வரும் 'மாலு' யார் என்று வகுப்பில் கேட்டேன். சுராங்கனியின் தங்கை என்றான் ஒருவன். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு மீன் என்று பொருள். சுராங்கனிக்காக மீன் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லும் பாட்டு அது. வகுப்பில் பாதிப் பேர் குப்பத்துப் பிள்ளைகள். விடியற்காலையில் அப்பாவோடு வலை பிரித்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறவர்கள். இத்தனை நாள் ஆடியது மீன் பாட்டு என்று தெரிந்ததும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

இந்த வகைப் பாட்டுக்கு இலங்கையில் பைலா என்று பெயர். ஆடுதல் என்ற பொருளுடைய போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கரையில் இறங்கினார்கள். நம் வகுப்பறையின் ஜன்னல், மேசை, அலமாரி, சாவி எல்லாம் அவர்கள் விட்டுச்சென்ற சொற்கள்தாம். (இந்த நான்கையும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்கிப் பாருங்கள்.) சொற்களோடு அவர்கள் மனிதர்களையும் கொண்டுவந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து, பெரும்பாலும் மொசாம்பிக் பக்கமிருந்து, அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் வந்த மக்கள் அவர்கள். தேங்காய்ச் சிரட்டை, புட்டி, கரண்டி என்று கைக்குக் கிடைத்ததைத் தட்டிப் பாடினார்கள். அந்தத் தாளத்தோடு போர்த்துகீசிய மெட்டு கலந்து 'காப்ரிஞ்ஞா' என்ற ஆட்டம் பிறந்தது. பைலாவுக்குத் தாய் அதுதான். அந்த மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளம் அருகே சிறாம்பியடியில் வாழ்கிறார்கள். 'மஞ்ஞா' என்ற பாட்டுகளைப் போர்த்துகீசியக் கலப்பு மொழியில் பாடுகிறார்கள். பல வரிகளுக்குப் பொருள் அவர்களுக்கே மறந்துவிட்டது. பாட்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அவர்களைக் குறிக்கும் 'காப்பிரி' என்ற சொல்லை இங்கே சொல்லத்தான் வேண்டும். இறைமறுப்பாளர் என்ற பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இலங்கையில் அது ஒரு சமூகத்தின் பெயர். தென்னாப்பிரிக்காவில் மிக மோசமான வசைச்சொல். நம் பக்கமும் கறுத்த பிள்ளையைச் சீண்ட இதைச் சொல்கிறவர்கள் உண்டு. கடற்கரைப் பள்ளியில் நிறத்தை வைத்துப் பட்டப்பெயர் சூட்டுவது எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த நாள்முதல் எத்தனையோ முறை கண்டித்திருக்கிறேன். கண்டிப்பு ஒரு வாரம் தாங்கும்.

அதனால் பாடத்தைக் கோட்டைக்குக் கொண்டுபோனேன். டச்சுக்காரர்கள் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். அதே டச்சுக் கம்பெனிதான் நம் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி மெல்லிய துணி வாங்கி அனுப்பியது. எழுத்தும் உருவமும் செதுக்கிய அவர்களின் கல்லறைகள் கோட்டைக்குள் இருக்கின்றன. பிள்ளைகள் அங்கே கண்ணாமூச்சி ஆடியிருக்கிறார்கள், எழுத்தைப் பார்த்ததில்லை. துணியோடு அந்தக் கம்பெனி வேறொன்றையும் ஏற்றியது. 17ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை அடிமைகளாக வாங்கிப் பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலில் அனுப்பினார்கள். அரிசி இல்லாமல் பெற்ற பிள்ளைகளை விற்ற காலம் அது. ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்த கப்பலும் நம்மவர்களைக் கொண்டுபோன கப்பலும் ஒரே கடலில்தான் ஓடின. இதைச் சொன்னபோது வகுப்பில் யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு மாணவி, "அப்போ நம்ம ஊர்க்காரங்களையும் அங்க ஏதாவது பேர் வச்சுக் கூப்பிட்டிருப்பாங்களா சார்?" என்று கேட்டாள். கூப்பிட்டிருப்பார்கள் என்றேன்.

மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆட்சி மாறிய பிறகும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் போர்த்துகீசிய வழிப் பறங்கியர் குடும்பங்கள் கல்யாண வீடுகளில் வயலினும் ரபானாவும் வைத்து இந்த ஆட்டத்தைக் காப்பாற்றின. 1940களில் வாலி பஸ்தியன் என்ற காவல்துறைக்காரர் அந்த மெட்டுகளுக்குச் சிங்களச் சொற்களைப் போட்டார். எதிரெதிரே நின்று வாதாடிப் பாடும் 'வாத பைலா' போட்டிகளும் வந்தன. நம் லாவணி போன்றதுதான் அது. நாகரிகமானவர்கள் கேட்கத் தகாத பாட்டு என்று அங்கும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். நம் விழாக் குழுவின் கேள்விக்கும் வயது அதிகம்தான்! 1970களில் ஏ.இ. மனோகரன் சுராங்கனியைச் சிங்களத்தோடு தமிழும் கலந்து பாட, இலங்கை வானொலி கேட்டுப் பழகிய தமிழ்நாடு அதை உடனே பிடித்துக்கொண்டது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையிலும் அது வந்தது. பொப் இசைச் சக்கரவர்த்தி என்று அழைக்கப்பட்ட மனோகரன் பிறகு சென்னையிலேயே தங்கி, 2018இல் இங்கேயே காலமானார்.

தாளத்தைப் பற்றி ஒன்று. பைலா ஆறு தட்டு, மூன்று மூன்றாகப் பிரியும். நம் திஸ்ர நடைக் குத்தும் அப்படித்தான். மேசையில் தட்டிக் காட்டினால் போதும், ஒன்றையும் விளக்க வேண்டாம். கணக்கு ஆசிரியர்கள் இதைப் பின்னத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: இரண்டு பாடவேளையும், கோட்டைக்குப் போய்வர அரை நாளும் போதும். வரைபடத்தில் மொசாம்பிக், கோவா, கொழும்பு, மட்டக்களப்பு, சதுரங்கப்பட்டினம், பத்தாவியா ஆறையும் பிள்ளைகளே குறிக்கட்டும். பத்தாவியா இன்றைய ஜகார்த்தா என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். போர்த்துகீசியச் சொற்களை வீட்டில் தேடிவரச் சொன்னால் கொய்யாவும் அன்னாசியும் மேஸ்திரியும் வந்து சேரும். கல்லறை எழுத்தைத் தாளில் பார்த்து எழுதச் செய்யுங்கள். கல்லின் மேல் சுண்ணாம்போ மையோ பூசவிடாதீர்கள், அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம்.

எங்கள் எட்டாம் வகுப்பு இந்த ஆண்டு சுராங்கனியைத்தான் ஆடுகிறது. ஆட்டத்துக்கு முன் இரண்டு நிமிடம் பாட்டின் கதையைச் சொல்வோம் என்று அவர்களே கேட்டு வாங்கியிருக்கிறார்கள். சொல்லப்போவது கோட்டையில் கேள்வி கேட்ட அந்த மாணவி.