சின்னப் பெட்டிக்கு கிராபிக்ஸ் கார்டு: வாங்கறதுக்கு முன்னாடி டேப்பை எடுங்க

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

டிவிக்குக் கீழ, செட் டாப் பாக்ஸ் பக்கத்துல ஒரு குட்டி கம்ப்யூட்டர் வச்சிருக்கீங்களா? இன்னைக்கு எபிசோடு உங்களுக்குத்தான்.

நம்மள்ல நிறைய பேர் வீட்டுக்கு இந்தப் பெட்டி வர வழி ஒண்ணுதான். ஆபீஸ்ல சில வருஷம் ஓடிட்டு வெளிய வர ஸ்லிம் டெஸ்க்டாப்பை ரிச்சி ஸ்ட்ரீட்லயோ ஆன்லைன்லயோ கம்மி விலைக்கு வாங்கறோம். ஒரு எஸ்எஸ்டி போடறோம், டிவியில மாட்டிடறோம். படம், பாட்டு, யூடியூப், கல்யாண வீடியோ எல்லாம் ஜம்முனு ஓடுது. அப்புறம் வீட்டுக்கு 4கே டிவி வருது. அன்னைக்கே பிரச்சனையும் வருது. படம் தடுக்கித் தடுக்கி ஓடுது, உள்ள இருக்கற ஃபேன் மிக்ஸி மாதிரி கத்துது. யார்கிட்ட கேட்டாலும் ஒரே பதில்: "ஒரு கிராபிக்ஸ் கார்டு போடுப்பா, சரியாயிடும்."

சரியாகலாம், ஆகாமலும் போகலாம். இந்த மாதிரி சின்னப் பெட்டியில, எந்தக் கார்டு வேகமானதுங்கறது கடைசிக் கேள்வி. இந்த வீடியோவை இப்ப யார் பிரிக்கறாங்கங்கறதுதான் முதல் கேள்வி. அதுக்கு அப்புறம் பெட்டிக்குள்ள எவ்வளவு இடம் இருக்கு, எவ்வளவு கரண்ட் இருக்குன்னு பார்க்கணும். இந்த வரிசையை மாத்திப் போட்டா, காசு கொடுத்து வாங்கின கார்டு மேஜை டிராயர்ல தூங்கும்.

முதல்ல நோயைக் கண்டுபிடிப்போம்

4கே படத்துல ஒரு ஃபிரேம்னா 3840க்கு 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடினா கிட்டத்தட்ட 50 கோடி புள்ளிகள். இதை அப்படியே அனுப்ப முடியாதுங்கறதால வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்பறாங்க. நம்ம பெட்டி அதைப் பிரிச்சுக் காட்டணும். அப்படிச் சுருக்கற முறைக்குப் பேர்தான் கோடெக். எச்.264 பழசு, எல்லா இடத்துலயும் ஓடும். எச்இவிசி 4கே ப்ளூ-ரேல, போன் வீடியோல எல்லாம் வரும். விபி9 யூடியூப்ல வரும். 2018ல வந்த ஏவி1தான் இதுல புதுசு.

சிப்புக்குள்ள அந்தக் கோடெக்கைப் பிரிக்கறதுக்குன்னே தனியா ஒரு பகுதி இருந்தா, வேலை சத்தமில்லாம நடக்கும். இல்லேன்னா மொத்த பாரமும் சிபியு தலையில விழும். ஃபேன் கத்தறது அதனாலதான்.

இன்டெல் சிப்னா பேர்லயே ஜாதகம் இருக்கு. ஐ5-7500னா 7வது தலைமுறை, ஐ5-10400னா 10வது. 4வது தலைமுறைல நம்பி ஓட்டக்கூடியது எச்.264தான். 6வதுல எச்இவிசி உண்டு, ஆனா 8 பிட் மட்டும். 7லேர்ந்து 10 வரைக்கும் 10 பிட் எச்இவிசி, விபி9 ரெண்டும் ஓடும், ஏவி1 ஓடாது. உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கற 11வது தலைமுறை சிப்கள்ல இருந்துதான் ஏவி1 வருது. எச்டிஆர் படங்கள் 10 பிட்ல வரும்ங்கறதால அந்த 8, 10 வித்தியாசம் முக்கியம். சிப் பேர் கடைசியில "எஃப்"னு எழுத்து இருந்தா உள்ள கிராபிக்ஸே கிடையாது.

இதை நீங்களே சோதிச்சுப் பார்க்கலாம். யூடியூப்ல வீடியோ ஓடும்போது ரைட் கிளிக் பண்ணி "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" தட்டுங்க. ஏவி01னு இருந்தா ஏவி1, விபி09னு இருந்தா விபி9. எத்தனை ஃபிரேம் விட்டுப்போச்சுன்னும் அங்கேயே காட்டும். பக்கத்துலயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல ஜிபியுவைப் பாருங்க. "வீடியோ டீகோட்" கோடு தரையோட படுத்திருக்கு, சிபியு மட்டும் 90, 100னு நிக்குதுன்னா நோய் தெரிஞ்சுபோச்சு.

செலவில்லாத, செலவு கம்மியான வைத்தியம்

உங்க சிப் 7லேர்ந்து 10க்குள்ள இருக்கு, யூடியூப்ல ஏவி1 வரும்போது மட்டும் தடுக்குதுன்னு வச்சுக்குவோம். கார்டே வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸ்ல "அபவுட் கன்ஃபிக்" பக்கம் போய், மீடியா ஏவி1 எனேபிள்டுங்கற வரியை "ஃபால்ஸ்"னு மாத்துங்க. அதே வீடியோவை யூடியூப் விபி9ல அனுப்பும், உங்க சிப் அதைச் சுலபமா ஓட்டிடும். செலவு சைபர்.

இன்னொரு கேஸ். படம் தடுக்கல, ஆனா 4கேல மவுஸ் நகர்த்தினா ஏதோ ஜவ்வு மாதிரி இருக்கு. செட்டிங்ஸ்ல பார்த்தா 30 ஹெர்ட்ஸ்தான் காட்டுது. இது எச்டிஎம்ஐ பிரச்சனை. எச்டிஎம்ஐ 1.4ல 4கே 30 ஹெர்ட்ஸோட நின்னுடும், 60 வேணும்னா 2.0 வேணும். பழைய ஆபீஸ் பெட்டிகள்ல எச்டிஎம்ஐ இருந்தாலும் பெரும்பாலும் 1.4தான். ஆனா பின்னாடி டிஸ்ப்ளேபோர்ட் இருக்கான்னு பாருங்க. ஆபீஸ் மெஷின்ல பெரும்பாலும் இருக்கும். அதுல டிஸ்ப்ளேபோர்ட்டை எச்டிஎம்ஐ 2.0வா மாத்தற "ஆக்டிவ்" அடாப்டர் ஒண்ணு மாட்டினா 4கே 60 வந்துடும். கார்டு விலையோட ஒப்பிட்டா இது சில்லறைக் காசு.

மூணாவது, ஓடிடி. "4கே பிளான்தான் எடுத்திருக்கேன், கம்ப்யூட்டர்ல மட்டும் மங்கலா வருது"ன்னு நினைக்கறவங்க கவனிங்க. பல சேவைகள்ல கம்ப்யூட்டர் பிரவுசருக்கு என்ன தரம்னு முடிவு பண்றது காப்புரிமைப் பூட்டுதான். எந்த பிரவுசர், எந்த ஆப், டிவியும் கேபிளும் எச்டிசிபி 2.2 ஆதரிக்குதா, இதெல்லாம் அதுல அடக்கம். எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் அந்தப் பூட்டு திறக்காது. ஓடிடி மட்டும்தான் பார்க்கறீங்கன்னா, டிவியில இருக்கற ஆப்போ ஒரு ஸ்டிரீமிங் ஸ்டிக்கோ போதும்.

சரி, கார்டு வேணும்னே முடிவாயிடுச்சு

சிப் ரொம்பப் பழசு, இல்ல கொஞ்சம் கேமும் ஆடணும். நியாயம்தான். இப்ப டேப்பை எடுங்க.

முதல்ல உயரம். சாதாரண கார்டோட பின்பக்கத் தகடு 12 சென்டிமீட்டர். ஸ்லிம் பெட்டியில நுழையற "லோ புரொஃபைல்" தகடு சுமார் 8. கடையில "சின்னக் கார்டுதாங்க"ன்னு சொல்றது பல சமயம் நீளத்தைத்தான். நமக்கு உயரமும் வேணும். பாக்ஸுக்குள்ள சின்னத் தகடு தனியா இருக்கான்னு வாங்கும்போதே திறந்து பாருங்க. செகண்ட் ஹேண்ட்ல முதல்ல காணாமப் போறது அந்தத் தகடுதான்.

அடுத்து தடிமன். நிறைய ஆபீஸ் பெட்டியில கார்டு ஸ்லாட்டை ஒட்டியே பவர் சப்ளை உட்கார்ந்திருக்கும். ரெண்டு ஸ்லாட் இடம் எடுக்கற கார்டு அங்க நுழையவே நுழையாது. நீளத்துக்கு ஹார்ட் டிஸ்க் கூண்டு வரைக்கும் அளந்துக்குங்க.

அப்புறம் கரண்ட். இதுதான் உண்மையிலேயே ஆபத்தான இடம். பிசிஐஇ ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். சில ஆபீஸ் மாடல்கள்ல அதைவிடக் கம்மியாவே கட்டுப்படுத்தி வச்சிருப்பாங்க, அதனால உங்க மாடலோட மேனுவலைப் பாருங்க. 75 வாட்டுக்கு மேல கேக்கற கார்டுக்குத் தனியா 6 பின் இல்ல 8 பின் ஒயர் வேணும். ஸ்லிம் பெட்டியோட பவர் சப்ளையில அந்த ஒயரே இருக்காது.

உடனே யாராவது, "சாட்டா ஒயர்ல இருந்து 6 பின்னுக்கு ஒரு கன்வெர்ட்டர் இருக்கு, நூறு இருநூறு ரூபாதான்"னு சொல்வாங்க. வேண்டாம். கணக்கு சிம்பிள். சாட்டா கனெக்டர்ல 12 வோல்ட்டுக்கு மூணு பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 6 பின் கனெக்டர் கேக்கக்கூடியது 75 வாட், 8 பின்னுன்னா 150. அந்த மெல்லிசு ஒயர் சூடாகி, பிளாஸ்டிக் உருகி, தீப்பிடிக்கவும் வாய்ப்பு இருக்கு. மரத்துல செஞ்ச டிவி யூனிட்டுக்குள்ள, வீட்ல எல்லாரும் தூங்கும்போது ஓடற பெட்டி இது. இங்க ரிஸ்க் எடுக்காதீங்க.

எந்தக் கார்டு?

ஸ்லாட் கரண்ட்லயே ஓடற, லோ புரொஃபைல்ல கிடைக்கற கார்டுகள் கையில எண்ணிடலாம்.

ஜிடி 710, ஜிடி 730 இன்னும் புதுசாவே விக்கறாங்க. பாக்ஸ்ல 4கேனும் போட்டிருக்கலாம். அந்த 4கே 30 ஹெர்ட்ஸ்தான். எச்இவிசி, விபி9 ரெண்டையும் இதால பிரிக்க முடியாது. நம்ம வேலைக்கு இது வீண் செலவு.

ஜிடி 1030, 2017ல வந்தது, வெறும் 30 வாட். எச்இவிசி, விபி9, எச்டிஎம்ஐ 2.0 மூணும் உண்டு, ஏவி1 இல்ல. இதுல டிடிஆர்4னு ஒரு மாடலும் ஜிடிடிஆர்5னு ஒரு மாடலும் ஒரே பேர்ல விக்குது. டிடிஆர்4 மாடலோட மெமரி வேகம் மத்ததுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்குதான். பாக்ஸைத் திருப்பிப் படிச்சுட்டு வாங்குங்க.

ஆர்எக்ஸ் 6400, 2022, 53 வாட். கேமுக்குப் பரவாயில்ல. ஆனா நாலு லேன்ல மட்டும் ஓடற கார்டு இது, பழைய போர்டுல வேகம் குறையும். ஏவி1 பிரிக்கவும் தெரியாது. மீடியா பெட்டிக்கு இது பொருந்தாது.

இன்டெல் ஆர்க் ஏ310, ஏ380 ரெண்டும் வீடியோவுக்குன்னே செஞ்ச மாதிரி. ஏவி1 பிரிக்கும், ஏவி1ல பதிவும் பண்ணும். ஆனா ரீசைசபிள் பார் இல்லாத பழைய போர்டுல கேம் வேகம் ரொம்பவே அடிவாங்கும். மாடலுக்கு மாடல் அளவும் மாறுது, அதனால லோ புரொஃபைல்தானான்னு உறுதி பண்ணிக்குங்க.

ஆர்டிஎக்ஸ் 3050ல 6 ஜிபி மாடல், 2024ல வந்தது, 70 வாட். ஏவி1 பிரிக்கும், 1080பில கேமும் நல்லா ஓடும். லோ புரொஃபைல்லயும் இருக்கு, ஆனா பெரும்பாலும் ரெண்டு ஸ்லாட் தடிமன். இதே பேர்ல 8 ஜிபி மாடல் ஒண்ணு இருக்கு. அதுக்குத் தனி பவர் ஒயர் வேணும், குழப்பிக்காதீங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்கினா, காசு கொடுக்கறதுக்கு முன்னாடி ஜிபியு-இசட்னு ஒரு இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்க. பழைய சிப்புக்குப் புதுப் பேர் எழுதின போலி என்விடியா கார்டுகளை அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்துடலாம். கார்டு விலை உங்க பெட்டி விலையைத் தாண்டுதா? அப்ப பெட்டியை வித்துட்டு, 11வது தலைமுறை இல்ல அதுக்கு மேல இருக்கற ஒரு மினி பிசி வாங்கறது புத்திசாலித்தனம். கரண்ட் பில்லும் இருக்கு. கார்டு சும்மா இருக்கும்போது கூடுதலா 15 வாட் எடுக்குது, பெட்டி 24 மணி நேரமும் ஓடுதுன்னா, வருஷத்துக்கு 131 யூனிட். உங்க ஸ்லாப்ல அது என்ன ரேட்டுன்னு நீங்களே பெருக்கிக்குங்க.

மாட்டும்போது

பிளக்கைப் புடுங்குங்க. அப்புறம் பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தினா மிச்ச கரண்ட் வடிஞ்சுடும். பெட்டியோட இரும்பைத் தொட்டுட்டு கார்டைத் தொடுங்க. ஸ்லாட் ஓரத்துல கிளிப் இருந்தா "டிக்"னு பூட்டற வரைக்கும் அழுத்துங்க. எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டுல இருந்து கழட்டி கார்டுல மாட்டுங்க. மாட்டினதும் சத்தம் வரலைன்னு பதறாதீங்க, சவுண்ட் செட்டிங்ஸ்ல அவுட்புட்டைப் புதுக் கார்டுக்கு மாத்தினா போதும். கோடி பயன்படுத்தறவங்க பிளேயர் செட்டிங்ஸ்ல ரெஃப்ரெஷ் ரேட்டைப் படத்துக்கு ஏத்த மாதிரி மாத்தற ஆப்ஷனை ஆன் பண்ணுங்க. 24 ஃபிரேம் சினிமா 60ல ஓடும்போது வர சின்ன உதறல் போயிடும்.

கடைசியா காத்து. மூடின டிவி யூனிட்டுக்குள்ள, சென்னை மே மாசத்துல, ஃபேன் இல்லாத கார்டு தவிக்கும். பின்பலகையில ஒரு ஓட்டை போடுங்க, பக்கவாட்டுல நாலு விரல் இடம் விடுங்க, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை தூசி தட்டுங்க.

அவ்வளவுதான் மக்களே. இன்னைக்கு ராத்திரி பெட்டி ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து அந்த ஒரு கோட்டை மட்டும் பாருங்க. பாதிப் பேருக்குக் கார்டே தேவைப்படாதுன்னு எனக்குத் தோணுது. தேவைப்படறவங்க உயரம், தடிமன், வாட், கோடெக், இந்த நாலையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டு கடைக்குப் போங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!